கேசட்டில் விடுபட்ட விடியல்

எங்க சிலுவைத்துறையில ஒரு காலம் விடியலே இல்லாமப் போச்சு, அந்த விடியாத பொழுதுல என் தம்பி கஸ்பார் கடல்லயே நின்னுட்டான், அவனைக் கரைக்குக் கொண்டாறதுக்கு அவன் பொண்டாட்டி சலேத்தும் நானும் மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வந்தோம். இதச் சொன்னா வெளியூர்க்காரங்க முதல்ல வாயப் பொளப்பாங்க, அப்புறம் அது எப்படிம்மா விடியாமப் போகும்னு கேப்பாங்க. எப்படின்னு எனக்கு என்ன தெரியும், நான் என்ன சூரியனப் பெத்தவளா? நடந்தது தெரியும், நடந்தத மட்டும் சொல்லுதேன், உக்காருங்க.

சினிமாக் கம்பெனிக்காரங்க வந்து எங்க மணல்லயும் முடுக்குச் சந்துலயும் கோயில் வாசல்லயும் ஒரு முழுப் படத்தை எடுத்துட்டுப் போனாங்க. மீன் பிடிக்கிற ஒருத்தன், அவன் பொண்டாட்டி, புயல், சாவு, அவ்வளவுதான் கதை. கதாநாயகனா வந்த பையனுக்குக் கடலக் கண்டாலே வயித்தக் கலக்கும்கிறதால, விடியக்காலத்துல வள்ளம் கரைக்கு வர்ற எடத்துல அவன் சட்டையப் போட்டுக்கிட்டு முதுகக் காட்டி நின்னது என் தம்பி கஸ்பார்தான், அதுல அவனுக்குக் கொஞ்சம் மெதப்பும் வந்துருச்சு. புயல் எடுக்கும்போது கோயில் மணிய அடிக்கணும், இன்னும் வேகமா, இன்னும் வேகமான்னு டைரக்டர் கத்துன கத்துல அடிச்சவன் அடிக்க மணி கீறிப்போச்சு, அதுக்கப்புறம் அது ஓட்டைச் சட்டியத் தட்டுன மாதிரி டொக்கு டொக்குனுச்சு. அதுக்கு ஈடா கோயிலுக்கு ஒரு ஆம்பிளிபயரும், கோபுரத்துல கட்ட ரெண்டு கொழாய் ஸ்பீக்கரும் வாங்கிக் குடுத்தாங்க, பின்னால படம் வந்ததும் தபால்ல ஒரு கேசட்டும் வந்துச்சு. பாட்டுக் கேசட் இல்ல பாத்துக்கிடுங்க, படத்துல ஆளுங்க நடக்கும்போதும் அழும்போதும் பின்னால ஓடுமே, அந்த இசைய மட்டும் எடுத்துக் கோத்த கேசட்.

எங்க ஊர்ல சூரியனப் பாத்து எவனும் எந்திரிச்சதில்ல. கோயில் மணி அடிச்சா விடியும், அடிச்சா உச்சியாகும், அடிச்சா அந்தியாகும், மணியோட சொல்லுக்குத்தான் பொழுது கட்டுப்பட்டுக் கெடந்துச்சு. கீறுன மணிய வச்சே கொஞ்ச நாள் ஒப்பேத்துனோம். புது மணி வர்ற வரைக்கும் என்ன செய்யலாம்னு பங்குச் சாமியாரு தாடியச் சொறிஞ்சப்ப, கோயில் காரியமெல்லாம் பாக்குற மிக்கேல் உபதேசியாருதான், “நம்ம ஊருப் பொழுதுக்குன்னே போட்ட இசை கையில இருக்கு சாமி, மணிக்குப் பதிலா இதப் போட்டுருவோம்” அப்படின்னாரு. வேற ஊருக்காரனா இருந்தா ஒரு கடிகாரத்த வாங்கி மாட்டிட்டுப் பேசாம இருந்திருப்பான். எங்க ஆளுங்களுக்கு மணியும் கடிகாரமும் ஒண்ணு இல்ல, கோபுரத்துல இருந்து சத்தம் வரணும், வந்தாத்தான் பொழுது.

சனிக்கிழம அந்தியில எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போறதில்ல, மறுநாள் பூசை இருக்கு. கஸ்பார் போனான். சாளை மீன் வந்து குமியுது, வேண்டாம்னா மாதா கோவிச்சுக்கிடுவான்னு சிரிச்சுக்கிட்டே வள்ளத்தத் தள்ளுனான், “விடியலுக்கு வந்துருவேன் சலேத்து, தண்ணி கொதிக்க வையி” அப்படின்னு சொல்லிட்டுத்தான் போனான். அந்த ஞாயித்துக்கிழமதான் உபதேசியாரு முதல் முதலா மணிக்குப் பதில் கேசட்டப் போட்டாரு. கேசட்ல முதல்ல இருந்தது நிலாவுக்கான இசை, அதனால நிலா வந்து காய்ஞ்சுது, அது முடிஞ்ச ஒடனே மீன் ஏலத்துக்கான இசை, அதனால விடியாமலே சுள்ளுன்னு வெயில் மண்டையில எறங்குச்சு. நடுவுல வெளுக்கவே இல்ல, காக்கா கத்தவே இல்ல.

முதல்ல கொஞ்சம் தடுமாறத்தான் செஞ்சோம், சும்மா சொல்லக் கூடாது. ஏலத்தோட பள்ளிக்கூடத்து இசை ஒட்டியே வந்ததால, பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்லுற வராந்தாவுலயே மீன் கூடையும் வந்து எறங்கிருச்சு, ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறுன்னு ஒரு பக்கம், சாளை கூடை இருநூறுன்னு ஒரு பக்கம், கொஞ்ச நாள்ல எங்க பிள்ளைங்க ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லப் பழகிருச்சுங்க. அப்புறம் அந்தி வரும், வீட்டுக்கு வீடு விளக்கேத்துவோம். கேசட்டத் திருப்பிப் போட்டதும் உச்சி வெயில், ஏத்துன விளக்க ஊதி அணைச்சுட்டுச் சோறு திங்க உக்காருவோம். அதுக்கடுத்து கரையில பொம்பளைங்க காத்துக்கிட்டு நிக்கிற பொழுது, அப்புறம் புயல், கடைசியா ஒப்பாரி, மறுபடியும் நிலா. டவுன்ல இருந்து வர்ற பஸ் நல்ல மத்தியானத்துல எங்க ஊரு எல்லையத் தாண்டும், தாண்டுனா இங்கன விளக்கு எரியும், கண்டக்டர் உள்ள லைட்டப் போட்டுட்டு விசிலடிப்பாரு.

கேசட்ட நிறுத்திப் பாக்கலையான்னு கேப்பீங்க. உபதேசியாரு ஒரு தடவ நிறுத்துனாரு, உச்சி வெயில் அப்படியே நின்னுக்கிட்டுச்சு, நிழல் நகரல, காயப்போட்ட கருவாடு கருகிப்போச்சு, போடும்வே போடும்வேன்னு ஊரே கோயிலுக்கு ஓடுச்சு. அப்புறம் யாரும் அந்தப் பேச்ச எடுக்கல. சொல்லப்போனா சனங்களுக்கு அது பிடிச்சும் போச்சு. தினம் ஒரு சின்னப் புயல் வந்து போறதால கிணத்துல தண்ணி நின்னுச்சு. ஒப்பாரிப் பொழுதுக்குப் பொம்பளைங்க எல்லாம் கோயில் முத்தத்துல பாய விரிச்சு உக்காந்துருவோம், செத்தது யாருன்னு கிடையாது, அவங்கவங்க பழைய துக்கத்தக் கொண்டாந்து அதுல கொட்டிக்கிட வேண்டியதுதான். புதுசா கல்யாணமாகி வந்த ஒருத்திக்கு அழ ஆளே இல்ல, பாவம், அவ மாமியாரு தன்னோட பெரியப்பா ஒருத்தர அவளுக்கு விட்டுக்குடுத்தா. ஒப்பாரி முடிஞ்சதும் மூக்கச் சிந்திட்டு எந்திரிச்சு, “இன்னைக்கு நல்ல அழுகை மக்கா” அப்படின்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குப் போவோம்.

எல்லாருக்கும் எல்லாம் ஒரு மாதிரியாப் பொருந்திருச்சு, என் தம்பிக்கு மட்டும் பொருந்தல. மத்த ஆம்பிளைங்க நிலாப் பொழுதுல போயி நேரா ஏலப் பொழுதுல கரையேறிப் பழகிக்கிட்டாங்க. கஸ்பார் பழைய ராத்திரியில போனவன், பழைய விடியலுக்குத்தான் அவன் வரணும், அந்த விடியல் ஊர்ல இல்ல. நிலா வந்தா அவன் வள்ளத்து விளக்கு தூரத்துல தெரியும், சின்னதா, மஞ்சளா, ஒரே எடத்துல. வள்ளத்த எடுத்துக்கிட்டு அவன நோக்கிப் போனவங்க எல்லாம் கை சோந்து திரும்பி வந்தாங்க, எவ்வளவு தண்டு போட்டு வலிச்சாலும் விளக்கு அவ்வளவு தூரத்துலயேதான் இருக்காம். ஒருத்தன் சொன்னான், கஸ்பார் இருமுறது கேட்டுச்சுன்னு. இன்னொருத்தன் சொன்னான், தனக்குத்தானே பேசிக்கிட்டு இருந்தான், என்னடா இது இன்னும் வெளுக்கலையேன்னு. அவனுக்கு இன்னும் அதே ராத்திரிதான் ஓடிக்கிட்டு இருக்குன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

சலேத்த நீங்க அந்தக் காலத்துல பாத்திருக்கணும். காத்திருக்கிற பொழுது வந்தா ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கரைக்குப் போகத்தான் செஞ்சோம், புருஷன் பக்கத்துல உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருந்தாலும் பொண்டாட்டி அவன விட்டுட்டுக் கடலப் பாத்து நிப்பா, அந்த இசை அப்படி. மத்தவங்க புயல் வந்ததும் வீட்டுக்கு ஓடிருவோம். சலேத்து இடுப்பளவு தண்ணிக்குள்ள நிப்பா, அலை மூஞ்சில அடிக்கும், கண்ணு சிமிட்ட மாட்டா. ஏட்டி வாடி, சளி பிடிக்கும்னு நான் போயி கையப் பிடிச்சு இழுப்பேன், அவ கை ஐஸ் மாதிரி இருக்கும். “நான் திரும்பிட்டா அவருக்கு வழி தெரியாது மதினி” அப்படிம்பா. எங்கூடப் பிறந்தவன் மேல என்னைய விட அவளுக்குத்தான் பாசம் கூடன்னு எனக்கு அப்ப பொறாமையாக்கூட இருந்துச்சு.

எது குறையுதுன்னு கண்டுபிடிச்சவளும் அவதான். டவுன் தியேட்டர்ல அந்தப் படம் இன்னும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, புருஷன் முதுகையாவது பாக்கணும்னு அழுதாளேன்னு நான் கூட்டிட்டுப் போனேன். படம் ஆரம்பிச்சதும் திரையில வெளுக்குது, வள்ளம் வருது, கஸ்பார் முதுகு தெரியுது, பின்னால ஒத்தப் புல்லாங்குழல் ஒண்ணு, மூச்ச இழுத்து விடுற நேரம்தான், அவ்வளவு குட்டி. சலேத்து என் தொடையில ஓங்கி அடிச்சா. “மதினி, இந்தக் குழல் நம்ம கேசட்ல இல்ல மதினி!” பின்னால இருந்தவன் உக்காரும்மான்னு கத்துனான், அவ உக்காரல.

அப்படித்தான் நாங்க ரெண்டு பேரும் ரயிலேறினோம். விழுப்புரம் தாண்டினப்ப சன்னல் வழியா வெளுத்துச்சு. எவ்வளவு காலத்துக்கு அப்புறம் பாக்குதோம்! வயலுக்கு மேல சாம்பல் கலரு, அப்புறம் ரோஸ் கலரு, கொக்கு ஒண்ணு எந்திரிச்சுப் பறக்குது. பெட்டி பூரா சனங்க வாயத் தொறந்து தூங்குதாங்க, ஒருத்தரும் பாக்கல. சலேத்து சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதா, “இவங்களுக்கெல்லாம் தினம் வருதே மதினி, தூங்குதாங்களே” அப்படின்னா. எனக்கும் வயிறு எரிஞ்சுது.

கோடம்பாக்கத்துல தேடிப் பிடிச்சா, அந்தக் கேசட்டக் கோத்தவரு பேரு ராஜுலு. வெத்தலை போட்ட வாயி, ரெண்டு பெரிய டேப் மிஷினு, கையில பிளேடு. எங்க கதையக் கேட்டு அந்த மனுஷன் அசரவே இல்ல.

“உங்களுக்காவது பரவால்லம்மா. போன வருஷம் ஒரு மலை ஊர்ல இருந்து வந்தாங்க. அவங்க படத்துல கொழந்தை பொறக்கிறதுக்கு ஒரு பிட், பெரியவர் சாகறதுக்கு ஒரு பிட், ரெண்டும் ஒரே சுருதி, நான் பாட்டுக்கு ஒட்டிட்டேன். இப்ப அந்த ஊர்ல பொறப்பும் சாவும் ஒட்டியே வருதாம், யாரும் தொட்டில் கட்டறதில்லையாம்.”

எனக்குச் சுரீர்னு வந்துச்சு. “ஏன் சார் இப்படிப் பண்ணுதீங்க? படத்துல எப்படி இருக்கோ அப்படியே வரிசையாப் போட்டுட்டா என்ன?”

“படம் வேற, கேசட் வேற. படத்துல பிட் எல்லாம் குட்டிக் குட்டியா இருக்கும், சிலது கதவு தொறக்கிற நேரம்கூட வராது. தனியா வச்சா யாரோ தும்மின மாதிரி இருக்கும். அதனால ரெண்டு மூணைச் சேர்த்து ஒண்ணாக்கணும். கதையப் பார்த்துச் சேர்க்க மாட்டேன், சுருதியப் பார்த்துச் சேர்ப்பேன். ஒண்ணோட வாலும் இன்னொண்ணோட தலையும் ஒண்ணு மேல ஒண்ணு படற மாதிரி வச்சா ஒட்டினதே தெரியாது.”

“உங்களுக்குத் தெரியாது. எங்க பிள்ளைங்க வாய்ப்பாட்டோட மீன் வெலையும் சேத்துல்லா சொல்லுதுங்க.”

அவரு சிரிச்சாரு. வெத்தலையத் துப்பிட்டு வந்து, ஒரு சுருளத் தேடி எடுத்து மிஷின்ல மாட்டுனாரு. புல்லாங்குழல் வந்துச்சு. சலேத்து கண்ண மூடிக்கிட்டா, அந்த அடைச்ச அறைக்குள்ள ஈர மணல் வாசம் வந்துச்சு, சத்தியமா வந்துச்சு.

“நல்ல பிட்டுதான். ஆனா ரொம்பச் சின்னது, துணைக்கு ஆள் இல்ல. இதோட சுருதிக்குச் சேர்றது ஒப்பாரி ஒண்ணுதான். ஒப்பாரியோட வால்ல வேணா ஒட்டலாம். விடிஞ்சதும் கேசட் முடியும், விடியல்ல முடிக்கிறதும் அழகுதான்.”

“ஒட்டுங்க சார், ஒட்டுங்க!” சலேத்து கையெடுத்துக் கும்பிட்டா.

“இரும்மா. ஒப்பாரி இருக்கிற பின் பக்கம் டேப் நிறைஞ்சு கெடக்கு. இதை உள்ள விடணும்னா ஒண்ண வெளிய எடுக்கணும். எதை எடுக்க?”

உச்சி வெயில எடுத்தா ஊர் எப்பச் சோறு திங்கும்? புயல எடுத்தா மழை கிடையாது, மீனும் கிடையாது. ஒப்பாரிய எடுத்தா ஒட்டுறதுக்கே எடம் இல்ல, அதோட எங்க ஊர்ப் பொம்பளைங்க எங்களக் கொன்னே போட்டுருவாங்க. கேசட்டோட முன் பக்கத்துல கை வைக்கக் கம்பெனி விடாதுன்னு அவரு முதல்லயே சொல்லிட்டாரு. மிச்சம் இருந்தது ஒண்ணுதான், அத நான் சொல்லுறதுக்கு முன்னால சலேத்தே சொன்னா.

“காத்திருக்கிறத எடுத்துருங்க.”

ராஜுலு கையில இருந்த பிளேடக் கீழ வச்சாரு. “அது பெரிய பிட்டும்மா, நிறைய இடம் கெடைக்கும், வாஸ்தவம்தான். ஆனா யோசிச்சுக்கோ. காத்திருக்கிறது முன்னால இருந்தாத்தான் விடியறது விடியற மாதிரி இருக்கும். அத எடுத்துட்டா குழல் பாட்டுக்கு வரும், கேக்கிறவனுக்கு ஒண்ணுமே தோணாது. சும்மா வந்த மாதிரி இருக்கும்.”

“அவரு வந்துட்டா எனக்குக் காத்திருக்கிறதுக்கு என்ன சார் வேலை இருக்கு? அது என் பொழுது. அடுத்தவங்க பொழுத எடுக்கச் சொன்னாத்தான் பாவம்.”

கடைசியா ஒரு தடவ கேக்குறியான்னு போட்டாரு. ஒரு வயலினு, ஒரே சுரத்தப் பிடிச்சுக்கிட்டு, ஏறவும் ஏறாம எறங்கவும் எறங்காம. சலேத்து தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரியே நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டா, மூஞ்சி பூரா கண்ணீரு. முடிஞ்சதும் முந்தானையால தொடைச்சுக்கிட்டு, “வெட்டுங்க” அப்படின்னா.

புதுக் கேசட்ட உபதேசியாரு கையில குடுத்துட்டுக் கோயில் முத்தத்துல உக்காந்தோம். வெயில் வந்துச்சு, போச்சு, நேரா புயல் வந்துச்சு. புயலுக்கு முன்னால எதோ ஒண்ணு வருமேன்னு ஒருத்தி கேட்டா, என்ன வரும்னு இன்னொருத்தி கேட்டா, ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. ஒப்பாரி ஆரம்பிச்சுது, அழுதோம். அழுகை அடங்கும்போது, அடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாலயே, அதுக்கு மேல குழல் வந்து உக்காந்துச்சு, கண்ணுல நீர் நிக்கையிலயே கிழக்க வெளுத்துச்சு. காக்கா கத்துச்சு. வள்ளம் வந்துருச்சு.

படத்துல அந்த எடத்துல ஊரே கரைக்கு ஓடும், அலையில எறங்கி வள்ளத்த இழுக்கும். இப்ப கரையில ஒரு குஞ்சு இல்ல. கஸ்பார் தன்னந்தனியா வள்ளத்த மணல்ல இழுத்து ஏத்துனான், அதோட சத்தம் முத்தம் வரைக்கும் கேட்டுச்சு, கேட்டோம், உக்காந்திருந்தோம். கூடை நிறைய சாளையோட ஏறி வந்தவன், “என்னக்கா, ஒருத்தரயும் காணோம்? இன்னைக்கு ஞாயித்துக்கிழமையில்ல, பூசைக்குப் போயிட்டாங்களா?” அப்படின்னான். அவனுக்கு ஒரே ஒரு ராத்திரிதான் ஆகியிருந்துச்சு. மூஞ்சில தாடிகூடக் கூடல.

சலேத்து பாய மடக்கிக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்தா. “வந்துட்டீங்களா? சாளையா, நல்லது” அப்படின்னுட்டு, கூடைய வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டு வீட்டப் பாத்து நடந்தா. தண்ணி கொதிக்க வச்சியான்னு அவன் கேட்டதுக்கு, வைக்கலயே, இந்தா வைக்கேன்னு திரும்பிப் பாக்காமச் சொன்னா. நான் வாயில கை வச்சுக்கிட்டு நின்னிருக்கணும், நிக்கல. எனக்கும் வந்துட்டான்ல, சரின்னுதான் இருந்துச்சு. ரயில் அலுப்பு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

அலுப்பு இல்ல. அதுல இருந்து எங்க ஊர்ல யாருக்கும் யாருக்காகவும் காத்திருக்க வரல. பள்ளிக்கூடம் விடுற நேரத்துல எந்தத் தாயும் வாசலுக்கு வந்து எட்டிப் பாக்குறது கிடையாது, பிள்ளை வந்தாச் சோறு போடுதோம், வரலன்னா மூடி வைக்கோம். மஸ்கட்ல இருந்து வருஷக் கணக்குக் கழிச்சு ஒருத்தன் வந்தான், வர்ற தேதி தெரிஞ்சும் வீட்டு ஆளுங்க கதவப் பூட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க, அவன் பெட்டி மேல உக்காந்து இருந்துட்டுப் பக்கத்து வீட்டுல சாப்பிட்டுப் படுத்தான், அவனும் ஒண்ணும் கோவிச்சுக்கிடல. கிறிஸ்துமஸ்க்கு முன்னால ஆண்டவரு வர்றதுக்குக் காத்திருக்கிற காலம்னு ஒண்ணு உண்டு, அதுல சாமியாரு எவ்வளவோ பிரசங்கம் வச்சாரு, கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தோம். ஒரு வீட்டுல நட்சத்திரம் கட்டல, ஒரு குடில் போடல. பூசையில குழந்தை சேசுவ எடுத்துத் தொட்டில்ல வச்சதும், ஓ பிறந்துட்டாரான்னு எல்லாரும் எந்திரிச்சு நின்னோம்.

அப்படி ஒண்ணும் வாழ்க்க கெட்டும் போகல. கஸ்பாரும் சலேத்தும் சண்டை சச்சரவு இல்லாமத்தான் இருந்தாங்க. கடலுக்குப் போறவன் எப்ப வருவான்னு ஒருத்தியும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கிறதில்ல, ஒரு வகையில நிம்மதின்னுகூடப் பேசிக்கிட்டாங்க. திரும்ப மெட்ராசுக்குப் போயி மாத்திட்டு வரலாமேன்னு நீங்க கேப்பீங்க. போகணும்னு தோணணும்ல. அது போனதே எங்களுக்கு ஒரு கொறையாத் தெரியலயே, அதானே விஷயம்.

இப்ப கஸ்பார் மறுபடியும் கடலுக்குப் போயிருக்கான். எப்பப் போனான்னு சரியாச் சொல்லத் தெரியல, நடுவுல பல விடியல் வந்து போயிருச்சு, குழல் ஊதும், வெளுக்கும், மத்த வள்ளமெல்லாம் வரும், அவனோடது வரல. தேடி யாரும் போகல. முன்னால எவ்வளவு தூரம் தண்டு போட்டுத் தேடுன ஆளுங்க, அதே ஆளுங்க, இந்தா முத்தத்துல சீட்டு விளையாடிக்கிட்டு இருக்காங்க. சலேத்துகிட்டக் கேட்டேன், ஏட்டி அவன் இன்னும் வரலயேன்னு. மசாலா அரைச்சுக்கிட்டே, “வருவாரு மதினி” அப்படின்னா. அவ புருஷனோட தட்டக் கழுவி உள்ள எடுத்து வச்சுட்டா.

நான் போன வாரம் வெங்காயம் வாங்க டவுனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுல எறங்கி நாலு எட்டு வச்சிருப்பேன், சேசு மரி சூசையே, அது என்னையப் பிடிச்சுது! இவ்வளவு நாளும் வராதது எல்லாம் சேந்து மொத்தமா வந்து நெஞ்சுல ஏறிக்கிட்டுச்சு. என் தம்பி எங்க? என் தம்பி கடல்ல என்ன ஆனான்? நான் எப்படி இத்தன நாளும் சோறு தின்னேன்? பைய அங்கனயே போட்டுட்டு, நடு ரோட்டுல உக்காந்து, கஸ்பாரு கஸ்பாருன்னு நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுதேன். சனங்க தண்ணி குடுத்தாங்க. அடுத்த பஸ்ஸப் பிடிச்சு ஓடியாந்தேன், எறங்குன ஒடனே கரைக்கு ஓடணும், வள்ளத்தக் கெளப்பச் சொல்லணும், சலேத்த மயிரப் பிடிச்சு இழுத்துட்டாவது போகணும்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தேன். எங்க ஊர் எல்லையில பஸ் நின்னுச்சு, எறங்குனேன், போயிருச்சு. வெங்காயத்த மறந்துட்டமேன்னு நெனச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்து அரிசி புடைச்சேன்.

தெரியுது பாத்துக்கிடுங்க, எல்லாம் தெரியுது. நான் இப்ப இங்கன உக்காந்து கதை பேசக் கூடாது, கரையில நிக்கணும், அவன் எங்கூடப் பிறந்தவன். தெரிஞ்சு என்ன செய்ய, காலு எந்திரிக்க மாட்டேங்குது. எங்க ஆளுங்களுக்கு ஊருக்குள்ள கால் வச்சதும் காத்திருக்கிற மனசு போயிருது, உங்களுக்கு இன்னும் போகல. நான் கூப்பிடுறதுக்கு முன்னாலயே ரெண்டு மூணு தடவ நீங்க ரோட்டப் பாத்தீங்க, பஸ் வருதான்னு. அதப் பாத்துத்தான் உங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு இம்புட்டையும் சொன்னேன். பஸ் போனாப் போகட்டும், அடுத்தது வரும். கொஞ்சம் எந்திரிச்சுக் கரைக்குப் போங்க, தண்ணிக்குள்ள எறங்க வேண்டாம், மணல்ல நின்னாப் போதும். அவன் பேரு கஸ்பார், சத்தம் போட்டுக் கூப்பிடுங்க. யாராவது ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாத்தான் அவனுக்குக் கரை எந்தப் பக்கம்னு தெரியும்.